துரை யாருக்குப் பயந்தது?

வாளியைச் சிகிச்சை மேசைமேல் வைத்த கையோடு அந்தப் பெரியவர் சொன்னது டாக்டர் தில்ஷாத்துக்குப் பிடிக்கவில்லை.

“முதல்ல இவனைக் காப்பாத்துங்க டாக்டரம்மா. அப்புறம், இவனைக் கொல்லப் பார்த்தது யாருன்னு சொல்லுங்க.”

சொல்லிவிட்டு அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். கதவை ஒட்டி ஒரு பெண் நின்றிருந்தாள். சுடிதாரின் முன்பக்கம் முழுக்க ஈரம். அவர் பார்த்ததும் அவள் பார்வை சுவரிலிருந்த காலண்டருக்குப் போய்விட்டது.

வாளிக்குள் ஓர் ஆஸ்கர் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். செவுள் மூடிக்குப் பின்னாலிருந்து வயிறு வரை இடப்பக்கம் கிழிந்து, வெள்ளைச் சதை தெரிந்தது. சுற்றிலும் செதில்கள் உதிர்ந்திருந்தன. ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது. மூச்சுக்காகச் செவுள் அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்ததுமே தில்ஷாத் கையுறையை மாட்டிவிட்டாள்.

“பேரு?”

“அரங்கநாயகம். ரயில்வேல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன்.”

“மீனோட பேரைக் கேட்டேன் சார்.”

“துரை” என்றார் அவர். அதுவரை விறைப்பாக இருந்த குரல் அந்த ஒரு சொல்லில் இளகிப்போனது. “என் சம்சாரம் வச்ச பேரு. அவ போயிட்டா. இவன் இருக்கான்.”

கொளத்தூரில் தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடை உண்டு. மீன்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வந்தது சில வருடங்களுக்கு முன்புதான். வளர்ப்பு மீனுக்கு மயக்க மருந்தா என்று சிரித்த கடைக்காரர்களே இப்போது நோய்ப்பட்ட மீன்களைத் தூக்கிக்கொண்டு தில்ஷாத்திடம் வந்தார்கள்.

கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் துரையை மயக்கி, ஈரப்பஞ்சின் மேல் கிடத்தி, வாய்க்குள் ஒரு குழாயைச் செருகிச் செவுள்களுக்கு ஓயாமல் தண்ணீர் ஓட விட்டாள். தலைக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒரு வில்லையை ஒட்டியதும், பக்கத்துத் திரையில் பச்சைக் கோடு ஒன்று நடுங்கி எழுந்தது.

“இதான அந்தச் சாட்சி மெஷின்?” என்றார் அரங்கநாயகம்.

“அப்படியெல்லாம் இல்ல. இதுக்குப் பேரு அச்சமானி. மீனுக்குக் கத்தத் தெரியாது. எவ்வளவு வலிக்குது, எவ்வளவு பயப்படுதுன்னு இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மயக்க மருந்தைக் கூட்டுவேன், குறைப்பேன்.”

“ஆனா ஆளைக் காட்டிக் கொடுக்குமே?”

தில்ஷாத் காயத்தைக் கழுவினாள். செத்த சதையை நீக்கி, உயிர்ப்பசையைப் பூசினாள். மீனின் செல்களைக் கொண்டே வளர்த்தெடுக்கும் பசை அது. சதை வந்து மூடும்வரை தோலாக நின்று காக்கும். துடுப்பு ஓரங்களில் ஒரு பழுப்பு நிறம் இருந்தது அவள் கண்ணில் பட்டது.

“தொட்டியில பாதாம் இலை போடுவீங்களா?”

“போடுவேன்” என்றார் அவர்.

இலைச்சாயமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

“எப்படி ஆச்சு?” என்று கேட்டபோது அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “துள்ளி வெளிய விழுந்துடுச்சு. மூடியோட கொக்கி கிழிச்சிருக்கும்.”

“துள்ளிச்சாம்!” என்றார் பெரியவர். “இத்தனை வருஷமா துள்ளாதவன், நான் மத்தியானம் கண்ணசந்த நேரத்துல துள்ளினானாம். நான் எழுந்து வர்றதுக்குள்ள தொட்டித் தண்ணியை மொத்தமா இறைச்சு, கழுவித் துடைச்சு வச்சிருக்கா. எதுக்குக் கழுவணும்? கேட்டா பதில் இல்ல. இவ என் மருமக டாக்டரம்மா, சுகிர்தா. என் பையன் இளம்பரிதி டோஹால இருக்கான். வீட்ல நானும் இவளும்தான்.”

தில்ஷாத் சுகிர்தாவைப் பார்த்தாள். மறுத்துப் பேசாத ஆட்களிடம் அவளுக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

*

துரை பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரித் தொட்டியில் நிமிர்ந்து நீந்தத் தொடங்கியதும் அரங்கநாயகம் மறுபடி மருமகளோடு வந்து நின்றார். “இப்போ பாத்துடலாமே?” என்றார்.

“சார், நாய், கிளின்னு வச்சு வீட்டுச் சண்டைக்கு இந்த மெஷினை இழுக்கறாங்க. எங்கேயோ ஒரு நாயோட கோட்டைப் பாத்துட்டு வேலை செய்யற பொண்ணை வீட்டை விட்டே துரத்தியிருக்காங்க. இது அதுக்கான மெஷின் இல்ல.”

“மெஷின் பொய் சொல்லுமா?”

“சொல்லாது.”

“அப்புறம் என்ன?”

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கழுவித் துடைத்த தொட்டி தில்ஷாத்தின் மனத்திலும் உறுத்திக்கொண்டிருந்தது. அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. வில்லையை ஒட்டினாள்.

முதலில் அரங்கநாயகம் தொட்டியருகே போனார். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் நடை. அந்த அதிர்வு பட்டதுமே துரை திரும்பிக் கண்ணாடிக்கு வந்து, நல்ல கண்ணால் அவரைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. கோடு அசையாமல் கிடந்தது. தீனி கொடுக்கும் கையைக் கண்ட மீனுக்கு வேறெப்படி இருக்கும்?

பிறகு சுகிர்தா. அவள் பாதி தூரம் போவதற்குள் கோடு திரையின் உச்சிக்குத் தாவியது. துரை பின்வாங்கித் தொட்டியின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. நிறம்கூட மங்கிப்போனது.

“இவங்களைக் கண்டா பயப்படுது” என்று தில்ஷாத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது.

அரங்கநாயகம் கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார், சுமையை இறக்கி வைத்தவர்போல.

“ஆமா மாமா. நான்தான்” என்றாள் சுகிர்தா. “கோவத்துல மூடியைத் தள்ளி விட்டேன். அது மேல விழுந்துடுச்சு.”

துள்ளி விழுந்தது என்றவள், மூடி விழுந்தது என்கிறாள். ஒப்புக்கொள்ளும்போதுகூட அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இவ்வளவு சுலபமாக யாராவது ஒப்புக்கொள்வார்களா? தில்ஷாத்துக்குச் சந்தேகம் தீர்ந்த பாடில்லை. இப்போதுதான் வளர்ந்தது.

மறுநாள் டோஹாவிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் தெரிந்த இளம்பரிதிக்கு அப்பாவின் தாடை, அப்பாவின் விறைப்பு.

“அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்க டாக்டர். ஒரு மீன்கிட்டயே இப்படி நடந்துக்கறவ, வயசானவரை எப்படிப் பாத்துப்பா? அவளை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறேன். நாளைக்கு ஃபேமிலி கோர்ட்டுன்னு போனா எனக்கு ஆதாரம் வேணும்.”

“அது சிகிச்சைப் பதிவு சார். கோர்ட்டுக்கு இல்ல.”

“மீனோட சொந்தக்காரர் எங்க அப்பா. அவர் கேட்டா குடுத்துத்தானே ஆகணும்?”

“அவர் கேக்கட்டும், பார்க்கலாம்” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். ஒரு வாக்கியம்தான் சொன்னாள், மீன் பயப்படுகிறது என்று. அது இப்போது கடல் தாண்டிப் போய் ஒரு பெண்ணின் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டிருந்தது.

*

துரையின் காயம் ஆறியது. மூச்சு மட்டும் சீராகவில்லை. வெளிக்காயத்துக்கும் செவுளுக்கும் என்ன சம்பந்தம்? தில்ஷாத் செவுளின் நுனியில் ஓர் இழையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். ஓரமெல்லாம் தீய்ந்து, பழுப்புப் படிவு அப்பியிருந்தது.

பாதாம் இலையால் செவுள் தீயாது. இது பெர்மாங்கனேட். தண்ணீரை ஊதாவாக்கிப் பிறகு பழுப்பாக்கும் அதே உப்பு. மீனுக்குப் பூஞ்சை வந்தால் கடுகளவு போடுவார்கள். இங்கே அதைப்போலப் பல மடங்கு விழுந்திருக்கிறது.

அன்று மாலை துரைக்குத் தீனியாக இறால் வாங்கிக்கொண்டு சுகிர்தா தனியாக வந்தாள். தொட்டி இருந்த அறைக்குள் நுழையாமல் வாசலிலேயே பொட்டலத்தை நீட்டினாள்.

“நீங்க எங்க வேலை பாக்கறீங்க?” என்றாள் தில்ஷாத்.

“ஸ்கூல்ல. கெமிஸ்ட்ரி டீச்சர்.”

தில்ஷாத் கதவைச் சாத்தினாள். “பெர்மாங்கனேட்டை எவ்வளவு போட்டா மீன் சாகும்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

சுகிர்தா அவளை நேராகப் பார்த்தாள்.

“தெரியும். தெரிஞ்ச நான் போட்டிருந்தா செத்திருக்கும் டாக்டர்.”

பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாள் அடக்கி வைத்தவள் சொல்வதுபோல், அவசரமில்லாமல் சொன்னாள்.

“துடுப்புல வெள்ளையா ஏதோ இருந்துச்சு. காலையில நான் கிளம்பறப்போ மாமா ஒரு சிட்டிகை மருந்து போட்டார். சரியான அளவுதான். அப்புறம் போட்டது மறந்துபோய் மறுபடி மறுபடி போட்டிருக்கார். நான் ஸ்கூல் விட்டு வர்றப்போ டப்பா காலி. தண்ணி கத்திரிக்கா நிறத்துல இருக்கு. இது மூச்சு விட முடியாம மூடியை முட்டிக்கிட்டு வெளிய விழுந்து கிடக்கு. அவர் உள்ள தூங்கறார். கையில கிடைச்ச காஞ்ச துண்டால அள்ளித் தூக்கினேன். தோலெல்லாம் வெந்திருக்கும்போல. துண்டோட சேர்ந்து உரிஞ்சு வந்துடுச்சு. அது துடிச்ச துடிப்பு...”



தில்ஷாத்துக்குப் புரிந்தது. மருந்து விழுந்தபோது மீனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எரிச்சல் மெதுவாகத்தான் ஏறியிருக்கும். ஆகவே, போட்ட கையோடு வலிக்குத் தொடர்பில்லை. உயிர்போகும் வலி வந்தது காப்பாற்றிய கையில். மெஷின் பொய் சொல்லவில்லை. வலி எங்கே இருந்தது என்று சொன்னது. குற்றம் எங்கே என்று மனிதர்கள் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் சேர்த்தவள் அவளேதான்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா என்ன ஆகும்? முந்தி ஒரு தடவை கேஸ் அடுப்பைத் திறந்து விட்டுட்டு வாக்கிங் போயிட்டார். இன்னொரு தடவை வீட்டுக்கு வழி தெரியாம பெரம்பூர் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தார். நான் மாமாகிட்டயே வேற ஏதேதோ சொல்லிச் சமாளிச்சேன். என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா இவரைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல விட்டுட்டு, வீட்டை வித்துட்டு, என்னை டோஹாவுக்குக் கூப்பிடுவார்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் ஒண்ணும் தியாகி இல்ல டாக்டர். எனக்கு அங்க போக வேண்டாம். அவர்கூட வாழ்ந்து பார்த்திருக்கேன். மாமா இந்த வீட்ல இருந்தாத்தான் நானும் இங்க இருக்க முடியும்.”

“ஆனா இப்போ உங்களை அனுப்பப் போறாங்களே.”

“அதான் எனக்கும் விளங்கல” என்றாள் சுகிர்தா. “மாமா சந்தேகப்படுவார்னு தெரியும். மறதி வந்தா சந்தேகமும் கூடவே வரும்னு படிச்சிருக்கேன். ஆனா அந்தக் கோடு ஏறினப்போ அவர் முகத்தைப் பாத்தீங்களா? சந்தோஷப்பட்டார். நான் மாட்டணும்னு ஏன் அவ்வளவு ஆசை?”

*

அதற்கான பதில் இரண்டு நாள் கழித்துத் தானாகவே நடந்து வந்தது. அரங்கநாயகம் தனியாக வந்தார். தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து துரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவு கேட்டு வந்திருக்கிறார் என்று தில்ஷாத் நினைத்தாள்.

“டாக்டரம்மா, மீன் யாருக்குப் பயப்படுதுன்னு சொன்னீங்க. யாரு பண்ணதுன்னு சொன்னீங்களா?”

அவள் ஜாக்கிரதையானாள். “ஏன் கேக்கறீங்க சார்?”

“அன்னைக்குத் தூங்கி எழுந்தப்போ என் விரல் நுனியெல்லாம் பழுப்பா இருந்துச்சு. எலுமிச்சம்பழம் வச்சுத் தேய்ச்சேன், போயிடுச்சு. எதுக்குத் தேய்ச்சேன்?” அவர் குரலைத் தாழ்த்தினார். “மருந்து போட்ட ஞாபகம் எனக்கு இல்ல. சத்தியமா இல்ல. ஆனா தேய்க்கணும்னு தோணிச்சு பாருங்க. திருடனுக்குத்தான அப்படித் தோணும்?”

தில்ஷாத் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“நானா இருக்குமோங்கற பயத்துலதான் இங்க வந்தேன். அவளை மாட்ட வைக்க வரல. நான் இல்லைன்னு யாராவது சொல்லணும், அவ்வளவுதான். கோடு அவகிட்ட ஏறிச்சா, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அவ ஒப்புக்கவும் செஞ்சா. ரயில் ஓட்டின காலத்துல சிக்னலைப் பார்த்ததும் வாய் விட்டுச் சொல்லணும், பக்கத்துல இருக்கறவரும் சொல்லணும். ரெண்டு பேரும் ஒண்ணைச் சொன்னாத்தான் வண்டி போகும். இப்போ நான் என்ன சொன்னாலும் பக்கத்துல இருக்கறவ ‘ஆமா மாமா’ங்கறா. நான் பொய்யைச் சொன்னாலும் ஆமாங்கறா. எந்தச் சிக்னலைத் தாண்டினேன்னே தெரியாம ஓட்டிக்கிட்டிருக்கேன் டாக்டரம்மா.”

மனிதர் அழவில்லை. அழுதிருந்தால் தில்ஷாத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சுகிர்தாவுக்குப் போன் செய்தாள்.

சுகிர்தா பள்ளியிலிருந்து நேராக, சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு வந்தாள். அரங்கநாயகம் எழுந்து நின்றார். கும்பிடப் போன கையை அவள் பிடித்து இறக்கினாள்.

“விடுங்க மாமா. என்ன இது?”

“நான்தானே பண்ணேன்?”

அவள் தில்ஷாத்தைப் பார்த்தாள். பிறகு, “ஆமா மாமா” என்றாள். இந்தத் தடவை அந்த ஆமா பொய் இல்லை.

அவரே மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். ஞாபகமறதிக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாகவும், சுகிர்தா எங்கேயும் போகப்போவதில்லை என்றும் சொன்னார். மறுமுனையில் இளம்பரிதி, மருந்து மாத்திரை உண்டா, எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் கேட்டான். மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை.

“துரை இனிமே என்னைக் கண்டா பயந்துக்கிட்டேதான் இருக்குமா?” என்று சுகிர்தா கேட்டாள்.

“பழைய பயத்தைத் துடைக்க முடியாது. அதுக்கு மேல வேற பழக்கத்தை ஏத்தலாம். தினம் நீங்களே வந்து தீனி போடுங்க. மொதல்ல தூரத்துல நின்னு, அப்புறம் கிட்டப்போய்.”

அப்படியே செய்தாள். மழைக்காலம் முழுக்கப் பள்ளி விட்டதும் வந்து போனாள். சில நாள் அரங்கநாயகமும் கூட வந்து, அந்த அறைக்கு வெளியே காத்திருந்தார். கோடு நாளுக்கு நாள் தாழ்ந்தது. கடைசியில் துரை அவள் விரலிலிருந்தே இறாலைப் பறித்துத் தின்றது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தாலும், தில்ஷாத்துக்கு வேறொரு யோசனையும் ஓடியது. கொஞ்ச நாள் இறால் போட்டால் கோடு படுத்துவிடுகிறது. அப்படியானால் உண்மையிலேயே அடித்தவன் போட்டாலும் படுக்கும். ஊர் முழுக்க இந்தக் கோட்டை நம்பி யார் யாரோ தண்டிக்கப்படுகிறார்கள், யார் யாரோ தப்பிக்கிறார்கள். மீனுக்கு மயக்கம் கொடுக்க வாங்கிய மெஷினை அவள் அன்றிலிருந்து வேறு எதற்கும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

அந்த வைராக்கியத்தை ஒரே ஒரு முறை மீற வேண்டிவந்தது.

*

துரையை வீட்டுக்கு எடுத்துப்போக வந்த அன்று அரங்கநாயகத்தின் சட்டையில் பொத்தான்கள் இடம் மாறிப் போட்டிருந்தன. ஆள் இளைத்திருந்தார். மூடிய தழும்பைக் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தார். முகம் கறுத்தது.

“யாரு இவனை இப்படிக் கிழிச்சது?”

சுகிர்தா, “அதெல்லாம் ஆறிடுச்சு மாமா, வாங்க” என்றாள்.

அவர் தில்ஷாத்தின் அருகே வந்தார். “டாக்டரம்மா, உங்ககிட்ட ஒரு மெஷின் இருக்குல்ல. கோடு ஏறும். எனக்கு ஞாபகம் இருக்கு, இவகிட்டதான ஏறிச்சு? இவதான?”

எலுமிச்சம்பழமும் அந்தக் கும்பிடும் அவரை விட்டுப் போய்விட்டிருந்தன. அன்றைக்குத் தானே உடைத்துச் சொன்ன அத்தனையும் போய்விட்டது. ஏறிய கோடு மட்டும் தங்கிவிட்டது. காரணம் மறந்துபோய், பயம் மட்டும் மிஞ்சியிருந்தது. தொட்டிக்குள் இருப்பதற்கும் வெளியே நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தில்ஷாத்துக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் திரும்பச் சொல்லலாம். அவர் திரும்ப நொறுங்குவார். பிறகு திரும்ப மறப்பார். சுகிர்தா வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

“மறுபடி பாத்துடலாம் சார்” என்றாள் தில்ஷாத். வில்லையை எடுத்து ஒட்டினாள்.

சுகிர்தா தொட்டிக்குப் பக்கத்தில் போனாள். துரை வாலை ஆட்டிக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்தது. கோடு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அரங்கநாயகம் திரையையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் மெல்ல அவிழ்ந்தது.

“அப்போ இவ இல்ல.”

“இல்ல சார்.”

“நானும் அதான் நெனச்சேன். நல்ல பொண்ணு. எனக்குச் சோறு போடறவ.” சொல்லிவிட்டு மீண்டும் யோசனையில் ஆழ்ந்தார்.

சுகிர்தா துரையை வலையில் எடுத்து, தண்ணீர் நிறைந்த வாளியில் விட்டு, தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் போன அரங்கநாயகம் பாதியில் திரும்பி வந்தார். அவள் காதில் விழாத தூரமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, தில்ஷாத்தின் பக்கம் குனிந்தார்.

“வீட்ல இருக்கறது மூணே பேர். நான் இல்ல, இவ இல்ல. அப்போ என் பையன்தான் பண்ணியிருக்கான்” என்றார் கிசுகிசுப்பாக.

மகன் டோஹாவுக்குப் போய் வருடங்கள் ஆகின்றன என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“இவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டரம்மா. புருஷனாச்சே. தெரிஞ்சா தாங்க மாட்டா.”

“சொல்ல மாட்டேன் சார்” என்றாள் தில்ஷாத்.

அவர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துபோய், மருமகளின் கையிலிருந்த வாளியின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டார்.